மேலே என்ன இருக்கிறது

பதினோரு வருஷமாய்
திபிலிசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.
எஸ்கலேட்டரின் அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
அதற்குள் ஒரு மைக், ஒரு சிவப்புப் பொத்தான்,
என் முழங்கால் வலி.
"வலப்பக்கம் நில்லுங்கள். படியில் உட்காராதீர்கள்."
இதைத் தவிர
இந்த ஊரோடு நான் அதிகம் பேசியதில்லை.

இறங்கி வருகிறவர்கள் எனக்கு
செருப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள்.
முகம் வந்து சேர்வதற்குள்
அடுத்த செருப்பு வந்துவிடும்.

ஞாயிறு மட்டும் பதினொன்றுக்கு விடுவிப்பார்கள்.
காலைச் சாப்பாட்டுக்குத் தாமதம்,
மதியத்துக்கு அவசரம்.
பசி ருசி அறியாது என்பார்கள்,
என் பசிக்கு மணி பார்க்கவும் தெரியாது.

அட்டை விற்கும் ஜன்னலில் இருக்கும் மாக்வாலாதான் சொன்னாள்:
"வாரம் ஒரு நிலையம்.
வெளியே வந்து வலப்பக்கம் முதல் கடை.
எதுவானாலும் சரி, தேர்வு கிடையாது."

திதுபேயில் ஆரம்பித்தோம்.
மினிபஸ் ஓட்டுநர்களுக்கு நடுவே
மாட்டுக்கால் சூப், ஹாஷ்,
மேலே ஒரு கை பூண்டு.
உதடு ஒட்டிக்கொண்டது.
திங்கட்கிழமை என் பெட்டிக்குள்
பூண்டும் நானுமாய் இருந்தோம்.

நட்ஸலாதேவியில்
வலப்பக்கம் முதல் கடை சவப்பெட்டிக் கடை.
விதி விதிதான் என்றாள் மாக்வாலா.
சூரியகாந்தி விதை வாங்கி
நடைபாதையெல்லாம் துப்பிக்கொண்டே வீடு போனோம்.

அவ்லபாரியில் செடி தொங்கும் ஒரு கடை.
வேகாத முட்டை, பச்சையாய் ஏதோ பூசிய ரொட்டி,
இருபத்துநான்கு லரி.
கையில் மீன் பச்சை குத்திய பையன் விளக்கினான்:
"இது பிரஞ்ச். காலையும் மதியமும் சேர்ந்தது."
"அதான் விலையும் ரெண்டு வேளைக்கா?"
அவன் சிரித்துவிட்டான்.
முட்டையை உடைத்தேன்.
மஞ்சள் கரு ஓடி ரொட்டியை நனைத்தது.
நன்றாகத்தான் இருந்தது,
மாக்வாலாவிடம் சொல்லவில்லை.

பிறகு இஸானி.
நாலே மேசை. சன்னல் முழுக்க நீராவி.
முடிச்சுப் போட்ட கொழுக்கட்டை மாதிரி கின்காலி,
முடிச்சைப் பிடித்துக் கவிழ்த்து
முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும்,
சிந்தினால் மானம் போகும்.
பத்து சொன்னோம். போதவில்லை.
சமையலறைப் பக்கம் திரும்பி
"இன்னும் ஆறு" என்றேன்.

உள்ளே உருட்டுக்கட்டைச் சத்தம் நின்றது.

மாவுக் கையோடு ஒருத்தி வெளியே வந்தாள்.
"யார் பேசினது?
மறுபடி சொல்லுங்கள்."
"இன்னும் ஆறு."
"அது இல்லை. மற்றது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.
கூச்சமாக இருந்தது, மைக் இல்லாமல்.
"வலப்பக்கம்... நில்லுங்கள்."

வாசற்படியில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்த பையன்
சட்டென்று எழுந்து ஓரமாய் நின்றான்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன்.
நீலக் கேன்வாஸ், இடது கட்டைவிரலில் ஓட்டை,
கயிற்றுக்குப் பதில் பொட்டலம் கட்டும் நூல்.
"வெள்ளிக்கிழமை! மாவு மூட்டை!"
"மூட்டையைப் படியில் வைக்காதே என்று
ஊர் கேட்கக் கத்தியது நீங்களா?"
"நான்தான்."
"முதுகு போயிற்று எனக்கு."

அப்புறம் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவள் உள்ளே போனாள்.
உருட்டுக்கட்டை மறுபடி உருண்டது,
முன்னைவிடக் கொஞ்சம் பலமாக.

ஆறு கேட்டதற்கு ஆறே வந்தது.
பில்லில் ஒரு காசு குறைக்கவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.
தட்டில் பதினாறு முடிச்சுகள் மிச்சம்,
இல்லை, பதினைந்து.
முடிச்சைத் தின்னக் கூடாது என்று தெரிந்தும்
மாக்வாலா ஒன்றைத் தின்றிருந்தாள்.

அடுத்த வாரம் ஸம்கோரி.
வெள்ளிக்கிழமை நீலச் செருப்பு இறங்கி வந்தது.
பக்கத்துப் படியில் மூட்டை.
மைக்கை எடுத்தேன்,
இருமினேன்,
வைத்துவிட்டேன்.